ஹூரான் தெருவில் சொன்னது

உட்கட்சித் தேர்தலில் தோற்றுப்போன டெஸ்மண்ட் ஓக்ஸ், ஜெயித்த கோரா லிண்ட்ஹோமின் கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினார். ஏரிக்கரைப் பூங்காவில் கூடியிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். மார்னி அடுப்புப் புகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எங்கள் ஊரான ஷிபாய்கனில் எந்தச் சண்டை தீர்ந்தாலும் கரி அடுப்பு மூட்டி சாஸேஜ் சுட்டுச் சாப்பிட்டால்தான் தீர்ந்ததாகக் கணக்கு. செவ்வாய்க்கிழமை ஓட்டு எண்ணி முடிகிறவரை எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் சனிக்கிழமை ஒரே அடுப்பைச் சுற்றி நின்றார்கள். கோராவுக்கு உழைத்த சர்ச் பெண்களும் பால்பண்ணைக்காரர்களும் ஒரு பக்கம். டெஸ்மண்டுக்கு உழைத்த நர்ஸ் யூனியனும் வாடகைக்காரர் சங்கமும் மறுபக்கம். நடுவில் வெங்காயம், அரைத்த கடுகு, வெண்ணெய். நவம்பரில் எதிர்க்கட்சிக்காரனைத் தோற்கடித்து மாநில சட்டமன்றத்தில் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாக வேண்டும். போன முறை ஒன்றாகவில்லை; இடம் கை நழுவிப் போனது.

கூட்டணிக்கு அமைப்பாளராக வந்திருந்த மாய் யா ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றாள். அகதிகளாக வந்து குடியேறிய மாங் சமூகத்துப் பெண். குட்டையான உருவம், பெரிய குரல்.

"போன மாசம் யார் யார் எந்தத் தெருவுல வீடு வீடா ஏறி இறங்குனீங்களோ, அதே தெருவுக்குத்தான் திரும்பவும் போறீங்க. ஜனங்களுக்கு உங்க மூஞ்சி பழக்கம். டெஸ்மண்டுக்குன்னு கேட்ட அதே வாயால இப்ப கோராவுக்குக் கேளுங்க. இதுல வெக்கமே வேணாம். அரசியல்ல இதுக்குப் பேரு ஒற்றுமை!"

"எங்க வீட்டுல இதுக்குப் பேரு கல்யாணம்," என்றார் சாஸேஜைப் புரட்டிக்கொண்டிருந்த கஸ். கூட்டம் சிரித்தது.

"மார்னி எங்க? ஏய், மார்னி! புகைக்குள்ள என்ன பண்ற? உனக்கு ஹூரான் தெரு. அந்தத் தெருவே உன்ன மடியில வெச்சுக் கொஞ்சுதாமே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மார்னிக்குக் காதுமடல் வரை சுட்டது. தலையை மட்டும் ஆட்டினாள். கோராவும் தூரத்திலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் மார்னி அடுப்புக் கரியைப் பார்த்தாள்.

மார்னிக்குப் பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோதெல்லாம் தொண்டை அடைத்துக்கொண்டு, கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போவதையே விட்டவள். ரொட்டிக்கடையில் பின்கட்டில் வேலை. மாவு யாரிடமும் பேசச் சொல்வதில்லை. டெஸ்மண்ட் ஓக்ஸ் அவள் குடியிருந்த கட்டடத்தில் வாடகை உயர்வைத் தடுத்து நிறுத்தியவர். அவருக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளாகவே போய்ச் சேர்ந்தாள். கொடுத்தது கதவு தட்டும் வேலை.

ஜூலை முதல் வாரம் முழுக்க ஹூரான் தெருவில் கதவுகள் அவள் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டன. கோபத்தால் இல்லை. அவள் வாயைத் திறந்து பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்குப் பொறுமை போய்விடும். "துண்டுச் சீட்டு இருந்தா குடுத்துட்டுப் போம்மா, அடுப்புல வேலை இருக்கு."

ஹில்டி பிரன்னர் வீட்டிலும் அப்படித்தான் ஆகியிருக்கும். ஹில்டி குழாய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று, "யாருக்கு ஓட்டுக் கேக்க வந்திருக்கன்னு அடுத்த கிறிஸ்துமஸ்க்குள்ள சொல்லிடுவியா?" என்றாள். பயத்தில் மார்னி மனதில் அப்போது இருந்ததைப் பிடித்துச் சொன்னாள். குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, யாரும் உள்ளே போகாதபடி வாசலை மறித்து வரிசையாக நின்றபோது, அங்கே தாதி உதவியாளராக இருந்த வெர்னா சித்தி ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னது அது.

"கோரா லிண்ட்ஹோம் ஸ்ட்ரைக் நேரத்துல மறியல் வரிசையத் தாண்டி ஆஸ்பத்திரிக்குள்ள போனாங்க."

"என்னது!" ஹில்டி கம்பிக் கதவை விரியத் திறந்தாள். "வரிசையத் தாண்டியா? எங்கப்பா வருஷக்கணக்கா ஸ்ட்ரைக்ல நின்னவருடி! தாண்டிப் போன அண்ணன் மூஞ்சிய அவரு சாகற வரைக்கும் பாக்கல. உள்ள வா, உக்காரு. லெமனேட் குடிப்பியா?"

வெர்னா சித்தி அன்றைக்குச் சொன்னதில் இன்னொரு பாதி இருந்தது. "பாவம், அவ புருஷன் உள்ளதான் கிடக்கான். இந்த வாரத்த அவன் தாண்டறதே கஷ்டம். நாங்களே விலகி வழி விட்டோம்." அதைச் சொல்லத்தான் மார்னி வாய் திறந்தாள். அதற்குள் ஹில்டி உள்ளே போய்விட்டாள். லெமனேட் வந்தது. உட்கார நாற்காலி வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று ஒருவர் காத்திருந்தார். இரண்டாவது பாதியைச் சொன்னால் அந்தக் கதவு மறுபடி பாதி சாத்திக்கொள்ளும் என்று தோன்றியது.

சொல்லவில்லை.

அடுத்த வீட்டில் அவள் தடுமாறவே இல்லை. அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. எங்கள் ஊரில் கொலை செய்தவனுக்குக்கூட ஒருவேளை சமாதானம் உண்டு. வரிசையைத் தாண்டியவனுக்குக் கிடையாது. ஹூரான் தெரு முழுக்க டெஸ்மண்ட் பக்கம் சாய்ந்தது. மார்னி வாரத்துக்கு மூன்று நாள் ஹில்டி வீட்டில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தாள். "கண்ணு, உன்ன மாதிரி தைரியமா உண்மையச் சொல்ற பொண்ண நான் பாத்ததே இல்ல," என்பாள் ஹில்டி. அந்த வார்த்தைக்காகவே மார்னி போனாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதே வார்த்தை செருப்புக்குள் கல்லாக உறுத்தும்.

இப்போது அதே தெரு.

முதல் நாள் மார்னி துண்டறிக்கைகளைக் கதவுக் கைப்பிடியில் செருகிவிட்டு மணி அடிக்காமலே ஓடினாள். இரண்டாம் நாள், புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது அந்த வரிசை தாண்டுனவ படம்தானே? நீதானே சொன்ன?"

"இப்ப... எல்லாரும் ஒண்ணாயிட்டோம்."

"நீங்க ஒண்ணாயிட்டீங்க. எங்கள யாரு கேட்டா?"

ஹில்டி வீட்டு வாசலில் அட்டையில் கையால் எழுதிய பலகை நின்றது. 'தாண்டியவளுக்கு என் ஓட்டு இல்லை. டெஸ்மண்ட் பெயரை நானே எழுதுவேன்.' வாக்குச் சீட்டில் இல்லாத பெயரைக் கையால் எழுதிப் போடலாம், சட்டம் அனுமதிக்கிறது. அப்படி எழுதுகிற ஓட்டு ஒவ்வொன்றும் எதிர்க்கட்சிக்காரனுக்குப் போட்ட மாதிரிதான். தெருவின் மறுகோடி வரை அதே போலப் பலகைகள் முளைத்திருந்தன.

மாய் யாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "ஊரு பூரா ஒழுங்கா வந்துட்டிருக்கு. ஹூரான் தெரு மட்டும் ஏன் இப்படி முறுக்கிக்குது?" என்று மார்னியிடமே கேட்டாள். "சரி, விடு. கோராவையே உன்கூட அனுப்பறேன். அந்த பிரன்னர் அம்மாதான் அங்க ராணி. நீ பக்கத்துல நின்னா போதும், வாயே திறக்க வேணாம்."

வேண்டாம் என்று சொல்ல மார்னிக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோரா தன் பழைய டிரக்கில் வந்தார். உயரமான, ஒடிசலான பெண்மணி. நடக்கும்போது பண்ணைக்காரர்கள் மாதிரி தரையைப் பார்த்து நடப்பார். "நீதான் அந்த ரொட்டிக்கடைப் பொண்ணா? உங்க கடை ரொட்டி அவருக்கு ரொம்பப் புடிக்கும்," என்றார். யார் அந்த அவர் என்று சொல்லவில்லை. மார்னிக்குக் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

ஹில்டி கதவைத் திறந்தாள். மார்னியைப் பார்த்து மலர்ந்த முகம் கோராவைப் பார்த்து இறுகியது.

"வாசப்படி ஏறி வந்துட்டீங்க. அதனால கேக்கறேன். ஆஸ்பத்திரி ஸ்ட்ரைக் நேரத்துல மறியல் வரிசையத் தாண்டிப் போனீங்களா, இல்லியா?"

"போனேன்," என்றார் கோரா.

ஹில்டி ஏமாற்றம் அடைந்த மாதிரி இருந்தது. மறுப்பார் என்று எதிர்பார்த்து அதற்கான பதிலைத் தயாராக வைத்திருந்தாள் போல.

"அவ்வளவுதானா? ஒரு சாக்குகூடச் சொல்ல மாட்டீங்களா?"

"சாக்கு சொல்ற விஷயம் இல்ல அது. போனேன். அன்னிக்கு நின்னவங்களுக்கு அதுக்கு அப்புறம் எங்க மாவட்ட போர்டுல உறுப்பினரா நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க, அதச் சொல்றேன்."

"அதெல்லாம் எனக்கு வேணாம். இந்தப் புள்ள மட்டும் இல்லேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது." ஹில்டி பெருமையாக மார்னியின் தோளில் கை வைத்தாள். "வாய் பேசாத பொண்ணு. ஆனா வீடு வீடா வந்து உண்மையச் சொன்னா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கம்முனு இருந்தப்ப இவதான் சொன்னா."

கோரா மெல்லத் திரும்பி மார்னியைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் முகத்தில் ஒரு கணக்கு மட்டும் தெரிந்தது. எங்கேயோ பார்த்த முகத்துக்கு இப்போதுதான் இடம் கிடைத்த மாதிரி.

"மிஸஸ் பிரன்னர்," என்றாள் மார்னி. "நான்... நான் பாதிதான் சொன்னேன்."

"என்ன பாதி?"

"எனக்கு மீதியும் தெரியும். அப்பவே தெரியும். அதச் சொல்லல. அவங்க போனதுக்கு..."

"வேணாம்," என்றார் கோரா, அவ்வளவு சன்னமாக. தலையை ஒருமுறை அசைத்தார்.

மார்னி பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஹில்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ஓ. இப்படித்தான் சொல்லச் சொன்னாங்களா? ஒண்ணாயிட்டீங்கல்ல. உங்காளு தோத்துட்டான், அதனால சொன்னத முழுங்கணும். சனிக்கிழமை டெஸ்மண்ட் முழுங்குனான், இன்னிக்கு நீ முழுங்கற. உன்ன நான் வேற மாதிரி நெனச்சேன் கண்ணு."

"இல்ல, நெஜமாவே..."

"உன் சட்டையில என்ன எழுதியிருக்குன்னு கண்ணாடில பாரு." மார்னி கூட்டணிக்காரர்களின் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். 'ஒன்றாக ஜெயிப்போம்' என்று நெஞ்சில் எழுதியிருந்தது. ஹில்டி கதவைச் சாத்தினாள்.

இருவரும் டிரக் வரைக்கும் நடந்தார்கள். கோரா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றார்.

"வெர்னா உனக்கு என்ன வேணும்?"

"சித்தி."

"அப்படித்தான் நெனச்சேன். நல்ல பொம்பள. அன்னிக்கு அவதான் எல்லாரையும் விலகச் சொன்னா." கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்தார். "அம்பது வீட்டுல என்னக் கேட்டாங்க. புருஷன் சாகக் கிடந்தாரு, அதான் போனேன்னு ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் அழுதிருப்பாங்க, ஓட்டும் போட்டிருப்பாங்க. அவரு பேர வெச்சு ஓட்டு வாங்க எனக்கு மனசு வரல."

"நான் போய்ச் சொல்லட்டுமா? ஓட்டுக்காக இல்ல. நீங்க சரின்னா..."

"முதல் பாதியச் சொல்றதுக்கு என்னக் கேட்டியா?" என்றார் கோரா. குரலை உயர்த்தவே இல்லை. "மீதிக்கு மட்டும் எதுக்கு என்கிட்ட வர்ற?"

டிரக் போன பிறகும் மார்னி அந்த இடத்திலேயே நின்றாள். யாராவது அவளைக் கன்னத்தில் அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. கடைசியாகக் கேட்டதற்குக் கோரா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு பெண்ணின் துக்கத்தை அவள் அனுமதி இல்லாமல் தெருவில் போடுவதாகும். சொல்லாவிட்டால் ஏற்கெனவே போட்டது அங்கேயே கிடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பழி அவளுடையதுதான்.

மறுநாள் காலை வேலை முடிந்ததும் கூட்டணி அலுவலகத்துக்குப் போனாள். மூடிப்போன செருப்புக்கடை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மாய் யா தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மார்னி முழுவதையும் சொன்னாள். மாய் யா தொலைபேசியை வைத்தாள். நூடுல்ஸையும் வைத்தாள்.

"இத வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. ஹில்டிகிட்ட சொல்லப் போறேன்."

"அடி பைத்தியக்காரி, உக்காரு. டெஸ்மண்ட் ஆளுங்க பொய் பரப்பித்தான் ஓட்டுல அவ்வளவு நெருங்கி வந்தாங்கன்னு சர்ச் பொம்பளைங்க காதுல விழுந்தா என்ன ஆகும் தெரியுமா? நர்ஸ் யூனியன் எந்திரிச்சுப் போகும். பண்ணைக்காரங்க கிளம்புவாங்க. ஒட்டுனது இன்னும் காயலடி. நவம்பர் வரைக்கும் வாயக் கட்டிக்க. அதுக்கப்புறம் ஊரக் கூட்டி அழு, நானும் கூட உக்காந்து அழறேன்."

"டெஸ்மண்டுக்குத் தெரியாது. யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான்..."

"அத யாரு நம்புவா?"

மாய் யா கெட்டவள் அல்ல. வாடகைக்காரர்களையும் வீட்டுக்காரர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தவள். எது எதோடு ஒட்டும், எவ்வளவு நேரம் ஒட்டும் என்று தெரிந்தவள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். மார்னி மஞ்சள் சட்டையை மடித்து மேசை மேல் வைத்தாள்.

"இது என்ன?"

"இதப் போட்டுக்கிட்டுச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

மாய் யா சட்டையையும் அவளையும் பார்த்தாள். "அன்னிக்குப் புகைக்குள்ள ஒளிஞ்சிட்டு நின்னவ நீதானே," என்றாள். "போ. நான் உன்ன இன்னிக்குப் பாக்கல. ஆனா ஒண்ணு, பொய்ன்னு சொல்லாத. பொய் இல்ல அது. அதவிட மோசம். அது என்னன்னு நீயே கண்டுபுடிச்சு அந்தப் பேரச் சொல்லு."

ஹில்டி தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"சட்டை துவைக்கப் போயிருக்கா?"

"திருப்பிக் குடுத்துட்டேன். நான் இப்ப அவங்க ஆளு இல்ல. நீங்க யாருக்கு ஓட்டுப் போடறீங்கன்னு எனக்கு வேணாம். போடாமலே இருங்க. ஆனா இதக் கேளுங்க." எங்கேயும் நிற்காமல் ஒரே ஓட்டமாகச் சொன்னாள். "அவங்க புருஷன் உள்ள சாகக் கிடந்தாரு. அவரப் பாக்கத்தான் போனாங்க. வரிசையில நின்னவங்களே விலகி வழி விட்டாங்க. என் சித்தி அங்க நின்னா, அவதான் எனக்குச் சொன்னா. ரெண்டையும் சேர்த்துத்தான் சொன்னா. நான் உங்ககிட்ட ஒண்ண மட்டும் சொன்னேன்."

ஹில்டி கையிலிருந்த நூலை இழுத்தபடி அப்படியே நின்றாள். குச்சி சாய்ந்தது.

"அந்தாளு பொழச்சானா?"

"இல்ல. அதே வாரம் போயிட்டாரு."

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"குளிர்காலத்துலயே."

"நான் உனக்கு லெமனேட் குடுத்தன்னிக்கு?"

"தெரியும்."

"நீ இங்க உக்காந்து என்கூட பீன்ஸ் உரிச்சப்ப? உன்ன மாதிரி உண்மையச் சொல்ற பொண்ணு இல்லேன்னு நான் சொன்னப்ப?"

"தெரியும், ஹில்டி."

"ஏண்டி?"

மார்னி வழியெல்லாம் இதற்குப் பல பதில்களை யோசித்திருந்தாள். டெஸ்மண்ட் ஜெயிக்க வேண்டும் என்பது ஒன்று. அது உண்மையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க கதவத் திறந்தீங்க," என்றாள். "மீதியச் சொன்னா மூடிடுவீங்கன்னு பயந்தேன்."

ஹில்டி தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். கை மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டும் எந்திரத்தைக் கிளப்பி, நிறுத்தி, மறுபடி கிளப்பினார்கள்.

"நீ தெருவுல பாதி சொன்ன," என்றாள் கடைசியில். "நான் யூனியன் ஹால்ல எந்திரிச்சு நின்னு சொன்னேன். ஓய்வு பெத்தவங்க சாப்பாட்டுல. புருஷன் சாகக் கிடந்த பொம்பளைய, வரிசை தாண்டுன துரோகின்னு மைக்குல சொன்னேன். அத்தன பேரும் மேசையத் தட்டுனாங்க. எங்கப்பா பேர வேற இழுத்தேன்." குரல் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "நாளைக்கு மறுபடி சாப்பாடு. நீ வர்ற."

"எனக்குக் கூட்டத்துல பேச வராது."

"வீடு வீடா அந்தப் பாதியச் சொல்ல மட்டும் வந்துச்சே."

யூனியன் ஹாலில் பொரித்த மீனும் கோஸ் சாலடும். வயதான தொழிலாளர்கள், பாதிப் பேருக்குக் காது கேட்காது, அதனால் எல்லோரும் கத்திப் பேசினார்கள். ஹில்டி மைக்கைத் தட்டி, "இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லணுமாம். கேளுங்க," என்றதோடு தள்ளிப் போய்க் கடைசி மேசையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் தன் பக்கத்தில் நிற்பாள் என்று மார்னி எதிர்பார்த்திருந்தாள். நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நடந்ததே மறுபடி நடந்தது. அவள் சொன்னது முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"சத்தமாப் பேசு தாயி! கிசுகிசு பேசறதுக்கு நாங்க உன் காதலனா?" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

மறுபடி சொன்னாள். இந்த முறை கேட்டது. கோரா போனது, ஏன் போனது, யார் வழி விட்டது, தனக்கு எது எது தெரிந்திருந்தது, எதை மறைத்தாள். மாய் யா கேட்ட பெயர் அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். "டெஸ்மண்ட் சொல்லச் சொல்லல. எந்தச் சங்கமும் சொல்லல. நான்தான்," என்று இரண்டு தடவை சொன்னாள். முள்கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

முன் மேசையில் இருந்த தொப்பிக்காரர் ஒருவர் தாடையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரி. பக்கவாட்டு வாசல் ஒண்ணு இருக்கே. நோயாளி சொந்தக்காரங்க அந்த வழியாப் போங்கன்னு அப்ப சொல்லியிருந்தாங்களே. அவ எதுக்கு முன்வாசல்ல வந்தா?"

மார்னிக்குத் தெரியவில்லை. அதை அவள் யோசித்ததே இல்லை. சில தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடத் தொடங்கின. ஒரு நிமிஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் போலிருந்தது.

"ஃப்ராங்க்!" கடைசி மேசையிலிருந்து ஹில்டியின் குரல் வந்தது. "உன் பொண்டாட்டி உள்ள மூச்சு வாங்கிட்டுக் கிடந்தா, எந்த வாசல்னு தேடிட்டு நிப்பியா நீ?"

தொப்பிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டைப் பார்த்தார். யாரும் மேசையைத் தட்டவில்லை. மார்னியைப் பார்த்து யாரும் நல்ல வார்த்தையும் சொல்லவில்லை, கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு பெண்மணி எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போது, "வெக்கமா இருக்கு," என்றாள், யாரிடம் என்று தெரியாமல். மெதுவாகச் சாப்பாடு மறுபடி தொடங்கியது. ஆனால் யாரும் கத்திப் பேசவில்லை. இதனால் ஓட்டு கோராவுக்குப் போகுமா, கூட்டணி உடையுமா, நவம்பரில் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. மார்னிக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. கோராவின் துக்கம் இப்போது இத்தனை பேர் தட்டிலும் கிடக்கிறது. அதை அங்கே கொண்டுவந்து வைத்ததும் அவள்தான்.

வாசலில் ஹில்டி காரின் பின்கதவைத் திறந்து காலிப் பாத்திரங்களை வைத்துக்கொண்டிருந்தாள். மார்னி ஒரு பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். ஹில்டி வாங்கி வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நான் வரட்டுமா?"

"எங்க தெருவுல எத்தன வீட்டுல சொன்ன?"

"கதவு திறந்த எல்லா வீட்டுலயும்."

"அப்ப அந்த வீட்டுக்கெல்லாம் போ." ஹில்டி காரில் ஏறி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். "எங்க வீடு இருக்கட்டும். அத அப்புறம் பாக்கலாம்."

கார் திரும்பும் வரை மார்னி நின்றாள். பிறகு நடந்தாள். ஹூரான் தெருவின் முதல் வீட்டில் சாப்பாட்டு நேரம். உள்ளே தட்டுகளின் சத்தம் கேட்டது. மணியை அடித்துவிட்டு, ஓடிவிடாமல் இருப்பதற்காகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.